நோகிற விரல்கள்

கனிசியஸின் இடதுகையில் மூன்று விரல்கள் அவனுடையவை அல்ல. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல். மடக்கினால் மடங்கும், நீட்டினால் சற்றுப் பிந்தி நீளும். ஆனால் கொதிதண்ணீரும் ஐஸ் கட்டியும் அவற்றுக்கு ஒன்றுதான். மாசி மாதத்தில் ஒருநாள் சுடச்சுடத் தேநீர்க் கோப்பையை அந்தக் கையால் பிடித்தபடி கதைத்துக்கொண்டிருந்தான். விரல்கள் சிவந்து கொப்பளித்த பிறகு, அவன் மனைவி றொசாந்திதான் கண்டு பறித்தாள்.

வேறு தொழில்காரன் என்றால் அந்தக் கையோடு எப்படியோ ஓட்டிவிடலாம். கனிசியஸ் அட்டை குளிக்கிறவன். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலின் அடிக்குப் போய்க் கடலட்டை பொறுக்கிவருவது அவன் தொழில். அடியில் சேறு கலங்கிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் சேறு படியும்வரை காத்திருப்பார்கள். கனிசியஸுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. இடதுகையைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவி, இது கல், இது சிப்பி, இது அட்டை என்று தொட்ட மாத்திரத்தில் பிரித்துவிடுவான். கனிசியஸுக்குக் கையிலே கண் என்று குருநகர்க் கரையில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லாமல் என்ன, இருபது வருசத் தொழில்.

தை மாதத்தில் ஒருநாள், பதின்மூன்று பாகம், ஏறக்குறைய எண்பதடி ஆழத் தண்ணீரில், அன்றைய மூன்றாவது சிலிண்டரோடு கீழே நின்றான். அட்டை வாரி இறைத்தாற்போலக் கிடந்தது. இன்னும் ஒரு பிடி, இன்னும் ஒரு பிடி என்று நின்றவனுக்குக் காற்று முடிந்துபோயிற்று. ஆறுதலாக, நின்று நின்று ஏறவேண்டியவன் ஒரே பாய்ச்சலாக மேலே வந்தான். படகில் ஏறி இருந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லை. குளிகாரர் இதை வாதம் என்பார்கள். அவர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. புதுச் சிலிண்டர் ஒன்றைக் கட்டி, ஆளை மறுபடி தண்ணீருக்குள் இறக்கி, இரண்டுபேர் அணைத்துப் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் வைத்திருப்பார்கள். சிலருக்கு அதிலேயே சரிவரும். கனிசியஸுக்குப் பாதி சரிவந்தது. மிச்சத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால்கள் ஆறு கிழமையில் திரும்பி வந்தன. விரல்கள் வரவில்லை.

டொக்டர் இரண்டு விசயம் சொன்னார். விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுத்தால் உணர்ச்சி திரும்பக்கூடும் என்பது ஒன்று. இன்னொரு முறை வாதம் அடித்தால் எழும்பி நடப்பது சந்தேகம் என்பது மற்றது. முதலாவதைக் கனிசியஸ் கேட்டான். இரண்டாவதை றொசாந்தி கேட்டாள். ஒரே அறையில், ஒரே வாங்கில், பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் கேட்டார்கள்.

படகின் சொந்தக்காரர் அடைக்கலநாதன் சம்மாட்டியார் நல்ல மனிதர். ஆஸ்பத்திரியிலேயே வந்து பார்த்து, கை சுகமாகட்டும், உன்னுடைய இடத்துக்கு நான் வேறு ஆள் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நல்ல வார்த்தைதான் றொசாந்தியின் நெஞ்சில் கல்லாக விழுந்தது. கெட்ட சம்மாட்டியாக இருந்தால் எவ்வளவு நல்லது என்று அவள் யோசித்தாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணமாகிப் பதினாறு வருசம். றொசாந்தி நண்டுக் கம்பனியில் வேலை. விடியப்புறம் போனால் பின்னேரம் மூன்று மணிக்கு வருவாள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. அவள் திரும்பி வரும்போது கனிசியஸ் போட்ட இடத்தில் போட்டபடி இருப்பான். விரலுக்குப் பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை, சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நாலாம் நாளே மதிலுக்கு அப்பால் எறிந்துவிட்டான். பேசிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒழுங்கை முடிவில் இருக்கும் அந்தோனியார் சிற்றாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் போனபிறகு, றொசாந்தி போகாமல் நின்றாள். பாட்டுக்குழுவில் கிற்றார் வாசிக்கிற ஜெசிதா, அடுத்த கிழமைப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஒழுங்கைப் பெட்டை, இருபது வயது, தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறவள். றொசாந்தி இத்தனை வருசமும் அந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கிறாளே தவிர, வாசிக்கிற கையைப் பார்த்ததில்லை. இடதுகை விரல்கள் கிற்றாரின் கழுத்தில் ஏறுவதும் இறங்குவதும், ஒன்று நிற்க மற்றது தாவுவதுமாக, ஒரு நிமிசம் சும்மா இருக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றவள், உன்னிடம் பழைய கிற்றார் ஏதும் இருக்கா பிள்ளை என்று கேட்டாள்.

இருந்தது. கனடாவில் இருக்கும் தமையன் புதிது அனுப்பிய பிறகு பழையது அலுமாரிக்கு மேல் கிடந்தது. அன்று பின்னேரமே ஜெசிதா அதைத் துடைத்து, புதுக்கம்பி பூட்டிக் கொண்டுவந்துவிட்டாள். கனிசியஸ் சிரித்தான். நாற்பத்திமூன்று வயதில், அதுவும் செத்த விரலை வைத்துக்கொண்டு கிற்றாரா என்று கேட்டான். ஜெசிதா அதைக் காதில் விழுத்தவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, அவன் மடியில் கிற்றாரை வைத்து, பெருவிரல் கழுத்துக்குப் பின்னால் நிற்கவேண்டும், மற்ற விரல்களின் நுனி கம்பியில் குத்தி நிற்கவேண்டும் என்று காட்டினாள். முதல் இரண்டு கிழமையும் விரல்நுனி உயிர்போக நோகும், பழக வருகிற முக்கால்வாசிப்பேர் அதோடுதான் விட்டுவிட்டு ஓடுவார்கள் என்றும் எச்சரித்தாள்.

"எனக்கு நோகாது பிள்ளை" என்றான் கனிசியஸ். "அதுதானே என்ரை வருத்தம்."

ஈ மைனர் என்கிற கோட்டுக்கு, கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் அந்தச் சுரக்கூட்டுக்கு, இரண்டே இரண்டு விரல் போதும். இரண்டும் அவனுடைய செத்த விரல்கள். விரல் கம்பியில் நிற்கிறதா, நழுவிவிட்டதா என்று குனிந்து கண்ணால் பார்த்துத்தான் அவன் அறியவேண்டியிருந்தது. கால்மணி நேரம் மல்லுக்கட்டி, இரண்டு விரலையும் இடத்தில் நிறுத்தி, வலது பெருவிரலால் மேலிருந்து கீழே இழுத்தான். ஆறு கம்பியும் ஒன்றாய் முழங்கின. கிற்றாரின் மரப்பெட்டி அவன் விலாவோடு ஒட்டியிருந்தது. சத்தம் காதுக்கு வரமுதல் விலாவுக்குள் போயிற்று. அவன் திடுக்கிட்டுக் கிற்றாரைத் தள்ளிப் பிடித்தான். பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்கிறமாதிரிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்ல மறுபடி விலாவோடு அணைத்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தான். அது அடங்கும்வரை அசையாமல் இருந்தான். றொசாந்தி குசினி வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். பூசையில் அப்பம் உயர்த்தும்போது கூட அந்த முகம் அப்படி இருந்து அவள் கண்டதில்லை.

அதன்பிறகு அவனை ஒருவரும் தூண்டவேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் ஜெசிதா வந்தபோது கம்பிகளில் காய்ந்த இரத்தம் இருந்தது. விரல்நுனி வெட்டுப்பட்டுத் தோல் விலகியிருக்க, அவன் அதை அறியாமல் வாசித்துக்கொண்டிருந்தான். அவள் பயந்துபோய், நாலு நாளைக்குக் கிற்றாரைத் தொடக்கூடாது என்று சொல்லி மூடிவைத்தாள். நாலு நாளும் அவன் முற்றம் கூட்டும் ஈர்க்குவாரியல் கட்டையைப் பிடித்துக்கொண்டு விரல் மாற்றிப் பழகினான்.

இன்னொரு பிழை இருந்தது. அதை ஜெசிதா கண்டுபிடிக்க ஒரு மாதம் சென்றது. பாட்டுத் தொடங்கினால் அவன் முகம் கறுத்துக்கொண்டு போகும், கழுத்து நரம்பு புடைக்கும், பாதிப் பாட்டில் கைவிட்டு ஆவென்று வாயைத் திறப்பான். சிலிண்டர் வரமுதல், பதினைந்து வயதில், வெறும் மூச்சோடு சங்கு குளித்துப் பழகியவன் அவன். மனம் ஒன்றில் ஊன்றினால் அவனுக்கு மூச்சு தன்பாட்டில் நின்றுவிடும். பாட்டு முடியும்வரை மூச்சுப் பிடிப்பது என்பது அவனைப் பொறுத்தவரை பாட்டுக்குச் செய்யும் மரியாதை.

"மாமா, உது கடலில்லை, கதிரை" என்றாள் ஜெசிதா. "மூச்சை விட்டு விட்டு வாசியுங்கோ. ஒருத்தரும் உங்களை மேலை இழுக்கவேண்டிய தேவையில்லை."

சித்திரை போய் வைகாசி பிறக்கச் சோளகக் காற்று எழும்பியது. வீட்டுக்குள் உப்பும் புழுதியும். கிற்றாரின் மரம் வெளிறுவதாக றொசாந்திக்குப் பட்டது. அவள் தகப்பன் சோளகத்துக்கு முதல் தன் மரவள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். எங்கேயோ தேடி ஒரு போத்தல் சுறா எண்ணெய் வாங்கி, கனிசியஸ் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கிற்றாருக்குத் தலையிலிருந்து கால்வரை பூசி, குறை வைக்கக்கூடாது என்று கம்பிகளுக்கும் தடவிவிட்டாள். பின்னேரம் ஒழுங்கைப் பூனைகள் அத்தனையும் வாசலுக்கு வந்துவிட்டன. ஜெசிதா மூக்கைப் பொத்திக்கொண்டு கிற்றாரைத் தட்டிப் பார்த்தாள். நனைந்த சாக்கைத் தட்டினாற்போலக் கேட்டது. றொசாந்திக்கு அழுகை வந்துவிட்டது. கனிசியஸ் ஒரு நிமிசம் அவளைப் பார்த்தான், பூனைகளைப் பார்த்தான், பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். தைக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். கம்பி மாற்றி, மூன்று நாள் துடைத்துத் துடைத்துச் சத்தத்தை மீட்டார்கள். மணம் மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு. றொசாந்தி கிணற்றடியில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கிற்றார் சட்டென்று நின்றது. அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சாதாரணமாகச் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கத்தியோடு ஓடினாள்.

அவன் இடதுகையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மோதிரவிரலின் நுனியில் கம்பி அழுந்திய கோடு ஒன்று பள்ளமாக இருந்தது.

"நோகுது" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. எங்கே, நெஞ்சா என்று கேட்டாள்.

"விரல். விரல் நோகுதடி."

அவன் மறுபடி அந்த விரலைக் கம்பியில் வைத்து அழுத்தினான். முகம் சுருங்கியது. இன்னும் அழுத்தினான். கண்ணால் தண்ணீர் ஓடியது. றொசாந்தி மீன் இரத்தம் பட்ட கையோடு அந்த விரலைப் பிடித்தாள். உன்னுடைய கை குளிருது என்று அவன் சொன்னான். ஐந்து மாதமாகச் செத்துக் கிடந்த சதை, குளிர் என்று சொல்லியது. உலகத்தில் கிற்றார் பழகுகிற அத்தனைபேரும் எது வேண்டாம் என்று கையை உதறுகிறார்களோ, அது இவனுக்கு வந்ததும் இரண்டுபேரும் முழங்காலில் நின்றார்கள்.

அன்று மத்தியானச் சோற்றில் அவன் மீன்முள்ளை இடதுகையால் எடுத்துக் காட்டினான். இரவு பாணும் சம்பலும் சாப்பிடும்போது, கண்ணை மூடிக்கொண்டு எது பாண் எது தட்டு என்று தொட்டுச் சொன்னான். சின்னப்பிள்ளை மாதிரி. றொசாந்தியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கோப்பை கழுவும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"கை வந்திட்டுதெண்டு சம்மாட்டியாருக்குச் சொல்லப்போறியளோ?"

அந்தோனியார் பெருநாள் முடியச் சொல்லலாம் என்றான். சம்மாட்டியார் ஆள் எடுக்காமல் காத்திருக்கிறார், அது மரியாதையில்லை என்றான். போகாவிட்டால் கனிசியஸ் பயந்துவிட்டான் என்று கரையில் சொல்லுவார்கள் என்றான்.

"சுகம் வரட்டுமெண்டு நான்தான் அதைக் கொண்டந்தன்" என்றாள் றொசாந்தி. "இப்ப அந்தச் சுகம்தான் உங்களைக் கொண்டுபோகப்போகுது."

அதற்குமேல் அவர்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. மறுநாள் அவள் கம்பனியால் வரும் வழியில் ஜெசிதாவைப் பிடித்து, இனி வரவேண்டாம், அவருக்கு ஒன்றும் காட்டவேண்டாம் என்று கேட்டாள். கேட்கும்போதே தனக்கே வெட்கமாக இருந்தது. ஜெசிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அது என்னுடைய கையில் இல்லை மாமி, நான் காட்டாவிட்டாலும் இனி அவர் வாசிப்பார் என்றாள். உண்மைதான். பெருநாள் பூசையில் காணிக்கைப் பாட்டுக்கு அவனும் தன்னோடு வாசிக்கட்டும் என்று அவள் பங்குக் குருவான சுவாமியிடம் கேட்டும் விட்டாளாம்.

பெருநாளுக்கு ஒரு கிழமை இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து றொசாந்தி ஒழுங்கைக்குள் திரும்பினாள். காற்றோடு கிற்றார் சத்தம் வந்தது. தட்டுத் தடக்கல் இல்லை. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஆள் நடந்துபோகிற மாதிரிப் போனது. ஜெசிதா நேரத்துக்கே வந்துவிட்டாள் என்று நினைத்தாள். படலையடிக்கு வந்தால் ஜெசிதாவின் சைக்கிளைக் காணவில்லை.

அவள் படலையைத் திறக்காமல் நின்றாள். காணிக்கைப் பாட்டு. மூன்று கோட்தான், பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஒழுங்கையில் பாதிப்பேர் அதைவிட நன்றாக வாசிப்பார்கள். ஆனால் அது அவன் கை. கொதிதண்ணீர் தெரியாத கை, இரத்தம் தெரியாத கை. அதற்குள்ளிருந்து அந்தப் பாட்டு முழுதாக, ஒரு இடமும் உடையாமல் வந்துகொண்டிருந்தது. றொசாந்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமும் அதற்குள் கலந்திருந்தது. பாட்டு முடியக்கூடாது என்று அவள் மன்றாடினாள்.

முடிந்தது. உள்ளே போனாள். அவன் கிற்றாரை மடியில் வைத்தபடி, இப்போது இங்கே வந்துபோனது யார் என்கிறமாதிரி இருந்தான். அவளைக் கண்டதும் கதைக்கத் தொடங்கினான், ஆனால் அவளோடு கதைப்பதுபோல இல்லை.

"பதினைஞ்சு வயசிலையிருந்து கீழை போய் வந்திருக்கிறன். கீழை எவ்வளவு வடிவெண்டு உனக்குச் சொல்லியிருக்கிறன். ஆனா ஒரு சத்தமும் இல்லை றொசாந்தி. நான் விடுற காத்து மட்டும்தான். எல்லாத்தையும் அங்கையிருந்து எடுத்துத்தான் வந்திருக்கிறன். நான் தொட்டு அங்கை ஒண்டும் உண்டானதில்லை." கிற்றாரின் கழுத்தில் இடதுகையை வைத்தான். "இதிலை நான் தொட உண்டாகுதடி."

சனிக்கிழமை காலையில் அடைக்கலநாதன் சம்மாட்டியார் தானாகவே வந்தார். கை வந்துவிட்டதாகக் கதை கரைக்குப் போயிருந்தது. கதிரையில் இருந்து, தேநீர் குடித்து, சோளகத்தைப்பற்றியும் விலைப்பட்ட அட்டையைப்பற்றியும் கதைத்துவிட்டு, கிற்றாரை ஒருதரம் பார்த்தார். பிறகு வந்த விசயத்துக்கு வந்தார். கிற்றார் வாசிக்கிறவன் கண்ணால் பார்த்து வாசிக்கலாம். கீழே சேற்றுக்குள் கண் உதவாது. அதனால் ஒருதரம் சோதித்துப் பார்த்துவிடுவோம், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டு என்றார்.

கனிசியஸ் கண்ணை மூடி இடதுகையை நீட்டினான். றொசாந்தி குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சம்மாட்டியார் முற்றத்தில் பொறுக்கிவந்த சல்லிக்கல் ஒன்றை அந்த மூன்று விரல்களுக்கு நடுவில் வைத்தார். விரல்கள் மூடித் திறந்தன.

"தெரியேல்லை அண்ணை" என்றான் கனிசியஸ்.

றொசாந்திக்கு நம்பமுடியவில்லை. நேற்றுத்தானே சோற்றில் கிடந்த தலைமயிரை அந்தக் கையால் எடுத்தான். மறுபடி போய்விட்டதா? அவன் கடலுக்குப் போகக்கூடாது என்று நேர்ந்தவளுக்கு, கையையே எடுத்துவிட்டாரா அந்தோனியார்?

சம்மாட்டியார் பையிலிருந்து காய்ந்த அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். இருபது வருசம் பிடித்த பொருள். கனிசியஸ் அதை உருட்டினான், நுனியை நெருடினான்.

"இதுவும் தெரியேல்லை."

சம்மாட்டியார் நெற்றியைச் சுருக்கினார். கொஞ்சம் யோசித்தார். சேட்டுப் பைக்குள் கைவிட்டுத் தன் செபமாலையை எடுத்து, சத்தம் கேட்காமல் பொத்தி, அவன் உள்ளங்கையில் விட்டார்.

விரல்கள் மூடின. நாற்பது வருசப் பழக்கம், அதை யார் நிறுத்துவது? மோதிரவிரல் தேடிப்போய்ச் சிலுவையைத் தொட்டது. பெருவிரல் முதல் மணியைத் தள்ள, நடுவிரல் அதை வாங்கியது. அடுத்த மணி. அடுத்த மணி. றொசாந்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சம்மாட்டியாரும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியேல்லை அண்ணை" என்றான் கனிசியஸ்.

சம்மாட்டியார் செபமாலையை மெல்ல உருவியெடுத்து, சிலுவையை முத்தமிட்டுப் பைக்குள் வைத்தார். எழும்பினார்.

"ஓம். தெரியேல்லைத்தான்" என்றார். "இந்தக் கையோடை உன்னை இறக்கேலாது. கரையிலை நானே சொல்லிவிடுறன், இனி ஒருத்தரும் வந்து கேக்கமாட்டினம்." படலைவரை போனவர் நின்று, பெருநாளுக்கு வருவேன், நன்றாக வாசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

படலை சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் கனிசியஸ் கண்ணைத் திறந்தான். றொசாந்தி முன்னால் வந்து நின்றாள்.

"செபமாலையைக் கையிலை வைச்சுக்கொண்டு பொய் சொல்லியிட்டியள்."

"ஓம்."

"பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்."

"செய்வன்" என்றான் கனிசியஸ். "ஆனா இனிமேல் செய்யமாட்டன் எண்டு சுவாமியிட்டைச் சொல்லேலாது. அடைக்கலநாதண்ணை அடுத்த வருசம் வந்து கேட்டாலும் நான் தெரியேல்லை எண்டுதான் சொல்லுவன்."

றொசாந்தி அவன் காலடியில் நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதையும் அவள் அடக்கவில்லை. பதினாறு வருசத்தில் முதல் தரமாக, நாளைக்கு இந்நேரம் அவன் எங்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.